முன்னணையிலிருந்து சிலுவை வரை: 1912-இல் ஒரு படக்குழு எருசலேம் போன கதை

1912 அக்டோபர் 3. லண்டனில் குயின்ஸ் ஹால் என்றால் இசைக் கச்சேரிக்குப் பேர்போன அரங்கு. அன்றைக்கு அங்கே கச்சேரி இல்லை, வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். அழைப்பின் பேரில் குருமாரும் போதகர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்டது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஐந்து ரீல் ஊமைப்படம். 'ஃப்ரம் தி மேஞ்சர் டு தி கிராஸ்' என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் 'முன்னணையிலிருந்து சிலுவை வரை'. முன்னணை என்றால் குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி. அமெரிக்காவின் கேலம் கம்பெனி எடுத்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். கால்மணி நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடுகிற காலத்தில் அது மிக நீளம்.

ஊராருக்கு டிக்கெட் விற்பதற்கு முன்னால் ஒரு சினிமாக் கம்பெனி எதற்காகச் சபை ஊழியர்களைக் கூப்பிட்டுப் படம் காட்ட வேண்டும்? இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "கதை நடந்த மண்ணிலேயே போய் எடுத்தார்கள்" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்தப் பயணமும் இந்த லண்டன் காட்சியும் ஒரே காரியத்தின் இரண்டு பாதிகளாகத் தெரிகின்றன. கிறிஸ்துவை ஒரு மனிதன் நடித்துக் காட்டலாமா, அதற்கு யார் அனுமதி தருவது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். எருசலேம் மண் அவர்கள் கையில் ஒரு அனுமதிச் சீட்டு.

மேடையில் ஆகாதது திரையில் ஆனது

கேள்வி சினிமாவைவிடப் பழையது. 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் சால்மி மோர்ஸ் என்பவர் எழுதிய பாடுகளின் நாடகம், அதாவது இயேசு பட்ட துன்பங்களையும் சிலுவை மரணத்தையும் காட்டும் நாடகம், மேடையேறியது. கிறிஸ்துவாக நடித்தவர் ஜேம்ஸ் ஓ'நீல், பிற்காலத்தில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற யூஜின் ஓ'நீலின் தகப்பனார். பார்க்க வந்தவர்களில் சிலர் முழங்காலில் விழுந்தார்கள். நகரத்துப் போதகர்கள் கொதித்தெழுந்தார்கள். வேதத்தில் வரும் புனிதர்களை மேடையில் நடிக்கக் கூடாது என்று நகர மன்றம் சட்டமே போட்டது. ஓ'நீலைக் கைது செய்து அபராதம் விதித்தார்கள். பிறகு நியூயார்க்கிலும் அந்த நாடகத்தை அரங்கேற்ற விடவில்லை.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். 1897 கடைசியில், நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் பேலஸ் கட்டடத்தின் மொட்டைமாடியில், குளிர்காலத்தில், அதே மோர்ஸின் நாடகத்தை ஆதாரமாக வைத்து ஒரு படம் எடுத்தார்கள். ஈடன் மியூசே என்ற மெழுகுச் சிலைக் காட்சிசாலை 1898 ஜனவரி கடைசியில் அதைத் திரையிட்டது. பவேரியாவின் ஓபராமர்காவ் கிராமத்தில் நடக்கும் புகழ்பெற்ற பாடுகளின் நாடகம் என்று விளம்பரம். அந்தக் கிராமத்தார் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் நாடகம் போடுவார்கள். 1890-இல் போட்டார்கள், அடுத்தது 1900-இல். நடுவில் 1898-இல் எங்கிருந்து வரும்? பத்திரிகைகள் குட்டை உடைத்தன. உடைத்தும் கூட்டம் குறையவில்லை, போதகர்களும் வந்து பார்த்துவிட்டு நல்லவிதமாகவே பேசினார்கள். சுவிசேஷக் கூட்டங்களில் காட்டுவதற்காகவும் அந்தப் படச்சுருள் விலைக்கு வாங்கப்பட்டது.

மேடையில் சிறைக்குப் போன நாடகம் திரையில் எப்படிப் பிரசங்கமானது? மேடையில் ஓ'நீல் என்ற மனிதன் ரத்தமும் சதையுமாக நிற்கிறான். நாடகம் முடிந்ததும் அதே மனிதன் தெருவில் நடந்து போகிறான். திரையில் அந்த உடம்பு இல்லை. வெளிச்சமும் நிழலும்தான் இருக்கின்றன. படம் என்பதைக் கோவில் சுவர் ஓவியத்தோடும் மாய விளக்குச் சிலைடுகளோடும் சேர்த்தே அந்தத் தலைமுறை பார்த்தது. இலங்கையின் பேசாலையில் கிறிஸ்துவின் இடத்தில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, வைத்தே பாடுகளைக் காட்சியாக நடத்துகிற 'உடக்குப் பாஸ்' மரபை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். மனிதன் அந்த இடத்தில் நிற்கத் தயங்குகிறான், மரச் சுரூபம் நிற்கலாம். ஆரம்பகாலத் திரைப்படத்துக்கும் மக்கள் மனத்தில் சுரூபத்தின் தகுதிதான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு எத்தனை படங்கள்! 1898-இல் லூமியேர் கம்பெனி பதின்மூன்று காட்சிகளில் எடுத்தது. பாத்தே கம்பெனி 1902-இல் தொடங்கி 1905 வரை காட்சி காட்சியாகச் சேர்த்துக்கொண்டே போன பெரிய படம் ஒன்றை வெளியிட்டது. வரைந்த திரைச்சீலை, அட்டை மேகம், ஸ்டென்சில் வைத்து வண்ணம் பூசிய தேவதூதர்கள். காட்சிகளைத் தனித்தனியாகவும் வாங்கலாம். 1906-இல் கோமோன் கம்பெனிக்காக ஆலிஸ் கி என்ற பெண் இயக்குநர் இருபத்தைந்து காட்சிகளில் இன்னொரு படத்தைத் தந்தார். அதில் இயேசுவைச் சுற்றிப் பெண்கள் கூடுதலாகத் தெரிவார்கள். அந்தப் படத்துக்கே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இப்படிப்பட்ட படங்களில் ஒன்றுதான் நம் ஊருக்கும் வந்தது. 1905-இல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சாமிக்கண்ணு வின்சென்ட் விலைக்கு வாங்கிய புரொஜெக்டரோடு இயேசுவின் வாழ்க்கைப் படமும் இருந்தது. ரயில்வேயில் வரைவாளர் வேலையை விட்டுவிட்டு, கூடாரம் கட்டி, ஊர் ஊராக அதைக் காட்டினார். தமிழ்நாட்டுச் சினிமாக் கொட்டகையின் வரலாறு அந்தச் சிலுவையிலிருந்துதான் தொடங்குகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் ஒரு கிறிஸ்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, பிற்பாடு இந்தியச் சினிமாவின் முன்னோடியான பால்கேவின் மனக்கண்ணில் கிருஷ்ணனும் ராமனும் ஓடினார்கள் என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

கேலம் கம்பெனி பட்ட சூடு

1907-இல் தொடங்கிய கேலம், பெரிய மூலதனம் இல்லாத கம்பெனி. ஸ்டுடியோவுக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே போய் எடுப்பது அவர்கள் பழக்கம். இயக்குநர் சிட்னி ஆல்காட் கனடாக்காரர். கதை எழுதுவது, கதாநாயகியாக நடிப்பது, குதிரையேறிக் குதிப்பது என்று எல்லாம் ஜீன் கான்டியர் என்ற பெண்தான்.

அதே 1907-இல் இந்த இருவரும் சேர்ந்து 'பென் ஹர்' நாவலை ஒரு ரீல் படமாக எடுத்தார்கள். லூ வாலஸ் எழுதிய அந்த நாவல் 1880-இல் வந்தது, கிறிஸ்துவின் காலத்துக் கதை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. பதிப்பகத்தார் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1911 நவம்பரில் கேலமுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நாவலைப் படமாக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்காவில் உறுதியானது இந்த வழக்கில்தான். கேலம் 25,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

நாவலாசிரியர் வாலஸுக்கே இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. 1899-இல் 'பென் ஹர்' பிரம்மாண்ட நாடகமாக மேடையேறியபோது கிறிஸ்துவை எந்த நடிகரும் நடிக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். ஒரு பலத்த ஒளிக்கற்றைதான் மேடையில் கிறிஸ்துவாக வந்தது.

தீர்ப்பு நவம்பரில். ஆல்காட்டின் குழு நியூயார்க்கில் கப்பல் ஏறியது டிசம்பரில். தீர்ப்புக்காகத்தான் கிளம்பினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் போனது எகிப்தில் சின்னச் சின்னப் பாலைவனக் கதைகள் எடுக்கத்தான். ஆனால் நற்செய்திக்கு வழக்குப் போடும் பதிப்பகம் கிடையாது. அதற்கு வேறு காவலர்கள் உண்டு. அந்தக் காவலர்களை எப்படி அணுகுவது என்ற யோசனை இந்தக் கம்பெனிக்கு மற்ற எவரையும்விட அதிகமாக இருந்திருக்கும்.

லக்சரில் எடுத்த முடிவு

லக்சரில் படப்பிடிப்பு நடந்தபோது கான்டியருக்கு வெயில் தாக்கிப் படுக்கையில் விழுந்தார். அந்த நேரத்தில்தான் கிறிஸ்துவின் வாழ்க்கையை இங்கேயே எடுத்தால் என்ன என்று தோன்றியதாகப் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். திரைக்கதையை அவரே எழுதினார். மரியாவாகவும் அவரே நடித்தார்.

இயேசுவாக நடிக்க லண்டனிலிருந்து ராபர்ட் ஹென்டர்சன்-பிளாண்ட் என்ற ஆங்கில நடிகரை ஆல்காட் அழைத்து வந்தார். கவிதையும் எழுதுகிறவர். யூதாஸாக ராபர்ட் விக்னோலா, மகதலேனா மரியாவாக ஆலிஸ் ஹாலிஸ்டர், கேமரா ஜார்ஜ் ஹாலிஸ்டர். பாலஸ்தீனம் அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளுக்கு எருசலேமிலேயே அரங்கம் போட்டார்கள். கூட்டக் காட்சிகளில் அந்த ஊர் மக்களே நின்றார்கள்.

ஆனால் மண் மட்டும் போதாது என்று ஆல்காட்டுக்குத் தெரிந்திருந்தது. கிறிஸ்து எப்படி இருப்பார் என்று பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. அதற்கு மாறாகக் காட்டினால், எருசலேமில் எடுத்தாலும் நம்ப மாட்டார்கள். ஆகவே ஜேம்ஸ் தீசோவின் ஓவியங்களைக் கையில் வைத்துக்கொண்டார்.

தீசோ பிரெஞ்சு ஓவியர். முதலில் நாகரிகச் சீமாட்டிகளை வரைந்து பேர் வாங்கியவர். 1885-இல் பாரிஸின் புனித சுல்பீஸ் கோவிலில் கிடைத்த ஒரு ஆன்மிக அனுபவத்துக்குப் பிறகு ஆளே மாறினார். பாலஸ்தீனத்துக்குப் போய், தெருக்களையும் முகங்களையும் துணி மடிப்புகளையும் குறித்து வந்து, கிறிஸ்துவின் வாழ்க்கையை 350 நீர்வண்ண ஓவியங்களாக வரைந்தார். 1894-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது மக்கள் உருகிப்போனார்கள். ஓவியங்களை 1900-இல் புரூக்ளின் அருங்காட்சியகம் வாங்கியது, அதற்குப் பொதுமக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அச்சிட்ட பதிப்புகள் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் இருந்தன. ஆலிஸ் கி 1906-இல் பயன்படுத்தியதும் இதே ஓவியங்களைத்தான்.

ஆகப் படத்தில் நாம் பார்ப்பது பாலஸ்தீன மண்ணில் நிறுத்திவைத்த தீசோ ஓவியங்கள். அந்த ஓவியங்களே பாலஸ்தீன மண்ணைப் பார்த்து வரைந்தவை. இப்படி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டதால் பார்த்தவர்களுக்கு "ஆமாம், இப்படித்தான் இருந்திருக்கும்" என்று தோன்றிவிட்டது.

இதில் ஒரு பிழையும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. கிழக்கில் எதுவும் மாறாது, 1900 வருஷத்துக்கு முன் இருந்த மக்கள் அப்படியே இருக்கிறார்கள் என்ற நினைப்பில்தான் தீசோவும் ஆல்காட்டும் அங்கே போனார்கள். அது உண்மையில்லை. எருசலேமின் மதில்கள் 16-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் கட்டியவை. சிலுவைப்பாதை என்று இன்று நடக்கிற தெருவழி, இடைக்காலத்துப் பக்தியில் உருப்பெற்றது. இயேசு நடந்த தரை அதற்கு எத்தனையோ அடி கீழே கிடக்கிறது. கூட்டத்தில் நின்றவர்கள் 1912-இல் வாழ்ந்த அரபு மக்கள். அவர்களுக்கென்று அந்த வருஷத்துக் கவலைகளும் அந்த வருஷத்து அரசியலும் இருந்தன. கேமரா அவர்களைப் பழைய வேதப் புத்தகத்தின் பக்கங்களாக மட்டுமே பார்த்தது.

திரையில் இருப்பது

படம் இன்றும் கிடைக்கிறது, பார்க்கலாம். பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது அதன் அமைதியாகத்தான் இருக்கும். கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கிறது, முகத்தின் அருகே போவதே அரிது. எழுத்து அட்டைகளில் கதாசிரியரின் சொந்தச் சொல் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில பைபிளின் வசனங்கள், அதிகாரமும் வசன எண்ணும் போட்டு அப்படியே வருகின்றன. இதுவும் அனுமதிச் சீட்டின் ஒரு பகுதிதான். வசனத்தில் குற்றம் சொல்ல எந்தப் போதகருக்கும் இடம் இல்லை. பார்வையாளருக்குக் கதை முன்பே மனப்பாடம் என்பதால், அட்டை விளக்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

எகிப்துக்குத் தப்பியோடும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை. பாத்தே படத்தில் இதே இடத்தில் வரைந்த ஸ்பிங்ஸ் நிற்கும். ஆல்காட்டின் படத்தில் கீசாவின் நிஜ ஸ்பிங்ஸ், அதன் பின்னால் நிஜப் பிரமிடு. அந்தப் பெரிய கற்களுக்கு முன்னால் ஒரு கழுதை, ஒரு ஆண், கைக்குழந்தையோடு ஒரு பெண். அவ்வளவு சின்னதாகத் தெரிகிறார்கள். ஏரோதுக்குப் பயந்து ஓடி வந்த குடும்பம் என்பதை எந்த நடிப்பும் இல்லாமல் அந்த அளவு வித்தியாசமே சொல்லிவிடுகிறது. மணலில் கால் புதைகிற நடையை அட்டை அரங்கில் யாராலும் கொண்டுவர முடியாது. மண் வெறும் அனுமதிச் சீட்டாக இருப்பது இந்த இடத்தில் முடிந்து, கலையாகிறது.

இன்னொரு காட்சி நாசரேத்தில். சிறுவன் இயேசு தோளில் ஒரு மரத்தைச் சுமந்து வருகிறான். வெயிலில் அவன் நிழல் தரையில் விழுகிறது, அது சிலுவை வடிவம். நிஜமான கிழக்கத்திய வெயில் இல்லாமல் அவ்வளவு கூர்மையான நிழல் விழுந்திருக்காது. நற்செய்தியில் இல்லாத காட்சி இது. வசனத்தைவிட்டு விலகாத படம் தனக்கென்று எடுத்துக்கொண்ட சிறு உரிமையில் எவ்வளவு அடக்கம் என்று பாருங்கள்.

பாடுகளின் பகுதியில் எனக்கு அவ்வளவு நிறைவு இல்லை. மேடைப் பழக்கம் திரும்பி வந்துவிடுகிறது, யூதாஸின் கைகளும் கண்களும் வேண்டியதைவிட அதிகம் பேசுகின்றன. எருசலேம் தெருவில் சிலுவை சுமந்து போகும் காட்சி மட்டும் வேறு. சந்து குறுகலாக இருப்பதால் கூட்டம் அவரை நெருக்குகிறது, மூச்சுமுட்டுகிறது. பரந்த மேடையில் நடந்துபோகும் பழைய ஊர்வலங்களில் இந்த நெருக்கம் கிடையாது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை போன நமக்கு, விழுவதற்குக்கூட இடமில்லாத அந்தத் தெருவைப் பார்த்ததும் நின்று ஜெபிக்கும் தலங்கள் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

படம் சிலுவையோடு நிற்கிறது. தலைப்பு சொன்ன எல்லை அதுதான். உயிர்ப்பு இல்லை. விசுவாசியான ஒருவருக்கு இது பெரிய குறை, எனக்கும் உறுத்துகிறது. ஒருவேளை அந்த முடிவிலும் அவர்களது இடப்பற்று வேலை செய்திருக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் நடந்ததைக் காட்ட மண் உதவாது, தந்திரக் காட்சி வேண்டும். அட்டை மேகங்களுக்குத் திரும்பிப் போக ஆல்காட் விரும்பவில்லை என்றே படுகிறது.

அனுமதி கிடைத்ததா

குயின்ஸ் ஹாலில் படம் பார்த்த குருமாரில் பெரும்பாலோர் பாராட்டினார்கள். ஆனால் பத்திரிகைகளில் கண்டனம் கிளம்பியது. எருசலேமில் நடிகர்கள் சிலுவை சுமந்து படம் எடுத்தார்கள் என்பதே பலருக்குப் பொறுக்கவில்லை. அதே அக்டோபரில் நியூயார்க்கில் வெளியானபோது வரவேற்பு அமோகம். கேலம் எடுத்த படங்களிலேயே பேர் நிலைத்தது இதுதான். வெற்றி வந்த கையோடு ஆல்காட்டும் கான்டியரும் கம்பெனியைவிட்டு விலகித் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். கேலமை 1917-இல் வைட்டாகிராஃப் என்ற இன்னொரு படக் கம்பெனி வாங்கிவிட்டது. படத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1998-இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

பிரிட்டனில் விளைவு வேறு மாதிரி. அங்கே படத்தொழிலினர் சேர்ந்து தணிக்கைக் குழு ஒன்றை 1912-இல் அமைத்தார்கள். 1913 ஜனவரியில் அது வேலையைத் தொடங்கியபோது திட்டவட்டமான விதிகள் இரண்டே இரண்டு: நிர்வாணம் கூடாது, கிறிஸ்துவை உருவமாகக் காட்டக் கூடாது. குழுவின் முதல் தலைவர் ஜி. ஏ. ரெட்ஃபோர்ட், அதற்கு முன் அரசு சார்பில் நாடகங்களைப் படித்து அனுமதி கொடுத்தவர். மேடையில் இருந்த தடை அவரோடு சேர்ந்து திரைக்கும் வந்துவிட்டது.

1898-இல் சுரூபமாக ஏற்கப்பட்ட நிழல் 1913-இல் நடிகனாகிவிட்டது. இடையில் நடந்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வரைந்த திரைச்சீலைக்கு முன் நின்ற கிறிஸ்து ஓவியத்தோடு ஓவியமாக இருந்தார். நிஜமான தெருவும் நிஜமான வெயிலும் நிஜமான கூட்டமும் வந்ததும் அவரும் நிஜ மனிதராகத் தெரியத் தொடங்கினார். அப்போது "இவர் யார், இவருக்குப் பெயர் என்ன?" என்ற கேள்வி தானாக எழும். எந்த மண்ணை அனுமதிச் சீட்டாகக் கொண்டு வந்தார்களோ அதே மண், திரையிலிருந்த உருவத்துக்கு உடம்பைக் கொடுத்துவிட்டது.

ஹென்டர்சன்-பிளாண்ட் முதல் உலகப் போருக்குப் போனார், திரும்பி வந்து 1922-இல் எருசலேம் நாட்களைப் பற்றி ஒரு புத்தகமும், 1939-இல் அதை விரித்து இன்னொன்றும் எழுதினார். அந்த வேடத்தை அவர் வாழ்நாளெல்லாம் கழற்றவில்லை.

1925-இல் எம்.ஜி.எம். 'பென் ஹர்' கதையை மீண்டும் பெரிய படமாக எடுத்தது, இந்தமுறை முறையாக உரிமை வாங்கி. அதில் கிறிஸ்து வருகிறார். தாகத்தில் விழுந்து கிடக்கும் அடிமைக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு கை நீளுகிறது. முகத்தைக் காட்டவில்லை.